நிற்காத விக்கல்

எனக்கு முதல் விக்கல் எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. சாப்பாட்டுக்கு நடுவில் வந்திருக்கும். அம்மா சொம்பை என் பக்கம் நகர்த்தியிருப்பாள், நானும் இரண்டு மடக்குக் குடித்திருப்பேன். வந்ததை விட, அது போகவில்லை என்பதைத்தான் எல்லோரும் கவனித்தார்கள்.

அப்போது எனக்கு எட்டு வயது. எண்பதுகளின் கடைசி வருஷங்கள். மரக்காணத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அத்தா துபாயில் ஒரு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், வாசனைச் சோப்பும் பிஸ்கெட் டின்னுமாக.

விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்வார்கள் இல்லையா? எங்கள் தெருவில் அந்த யாரோ யார் என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. "உங்க அத்தா நினைக்கிறாருடி" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. துபாய் அப்பன்கள் எங்கள் வகுப்பிலேயே பல பேருக்கு உண்டு. ஆனால் என் அத்தாவைப் போல ஓயாமல் நினைக்கிறவர் யாருக்கும் இல்லை. வாய்ப்பாடு சொல்லும்போதும் விக்கினேன், பள்ளிக்கூடத்து வணக்கப் பாட்டிலும் விக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்த சிநேகிதி ஒவ்வொரு தடவையும் "உங்க அத்தா" என்று காதில் முணுமுணுப்பாள். நாங்கள் சிரித்துச் சிரித்து டீச்சரிடம் திட்டு வாங்குவோம்.

அந்தச் சிநேகிதி எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுடைய அம்மா உப்பளத்தில் கூலி வேலை செய்தார்கள். நான் அவர்களைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் முழங்கால் வரை வெள்ளை பூத்து வீடு திரும்பும்போதே வாசலில் நின்று, "இன்னும் நிக்கலையா அவளுக்கு?" என்று கேட்பார்கள். அவர்கள் நம்பிய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். திடீரென்று பயமுறுத்தினால் விக்கல் ஓடிவிடும்.

இந்த யோசனை தெருவுக்குப் பிடித்துப்போனது. கதவுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் "பே" என்று குதித்தார்கள். டீக்கடைக்காரர் காகிதப் பையை ஊதி என் முதுகுக்குப் பின்னால் உடைத்தார். எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கூடை கொண்டுவரும் அம்மா, ஒருநாள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உயிருள்ள நண்டு ஒன்றை எடுத்து என் மடியில் போட்டார்கள். நான் போட்ட கத்தலில் எதிர்வீட்டுக் கோழிகள் கூரை மேல் ஏறின. விக்கல் நின்றுவிட்டது. மீன்கார அம்மா இடுப்பில் கை வைத்து, "பார்த்தியா?" என்று என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா அந்த நண்டையே விலை பேசி முடித்து, கழுவி, குழம்பு கூட்டி வைப்பதற்குள் விக்கல் திரும்பி வந்துவிட்டது.

"விக்கல் இருந்தா இருந்துட்டுப் போவுது. இவங்க பயமுறுத்தியே எம் பொண்ணக் கொன்னுடுவாங்க" என்று அம்மா புலம்பினாள். சர்க்கரை கொடுத்தாள். மூச்சை அடக்கச் சொன்னாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கி வந்தாள். ஊர் டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, கேஸ் என்று சொல்லி, பெப்பர்மின்ட் மணக்கிற வெள்ளை மருந்து எழுதிக் கொடுத்தார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு மூடி குடித்துவிடுவேன்.

அந்தக் காலத்தில் துபாய்க்கு டெலிபோன் பேசுவது பெரிய காரியம். நாங்கள் கேசட்டில் பேசினோம். அத்தா வாங்கி வந்திருந்த டேப் ரிக்கார்டரைப் பாயில் வைத்து, ஜன்னலைச் சாத்தி, அம்மா சிவப்புப் பொத்தானை அமுக்குவாள். "அஸ்ஸலாமு அலைக்கும், நாங்க நல்லா இருக்கோம்" என்று ஆரம்பித்து, உறவுக்காரர் கல்யாணம், ஓட்டுக் கூரை ஒழுகல், மீன் விலை என்று ஒரு பக்கம் முழுக்கப் பேசுவாள். மறுபக்கம் எனக்கு. நான் பாடம் ஒப்பிப்பேன், சிநேகிதி மேல் புகார் சொல்வேன். கோட்டக்குப்பத்திலிருந்து யாராவது துபாய்க்குக் கிளம்பினால் கேசட் அவர்கள் பெட்டியில் போகும்.

அத்தா பிற்பாடு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். விக்கலோடு போன முதல் கேசட்டை அவர் தங்கியிருந்த அறையில் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்டார்களாம். நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்ல, ஒவ்வொரு வரிக்கும் விக்க, அந்த ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்களாம். அடுத்த கேசட்டிலும் விக்கல் இருந்தது. அப்போதும் சிரித்தார்கள். அதற்கடுத்த கேசட் போனபோது அத்தா பாதியிலேயே நிறுத்திவிட்டார். "என்னா பாய், நிறுத்திட்டே?" என்று கேட்டவரிடம், "இவ்வளவு நாளா ஒரு புள்ளைக்கு விக்கல் இருக்குமா?" என்றாராம். மறுநாளே முதலாளியிடம் லீவு கேட்டார்.

இதற்குள் இங்கே விக்கலோடு வேறு சிலதும் சேர்ந்துவிட்டன. எனக்குப் பெருமூச்சு வர ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருப்பேன், மார்பு தானாக ஏறி, நீளமாக ஒரு மூச்சு இறங்கும். ஒருநாள் கணக்கு வகுப்பில் அப்படி விட்டபோது டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, மூணு பொண்ணுக்குக் கல்யாணம் பண்ண வேண்டியவ மாதிரி மூச்சு விடுறியே. என்ன கவலை உனக்கு?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"வகுத்தல் கணக்குக்கா இவ்வளவு கவலை?"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு 'கிழவி' என்று பெயர் விழுந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. சாயங்காலம் பெரியம்மாவும் மற்ற பெண்களும் உட்கார்ந்து பேசும் இடத்தில் நானும் போய் அமர்ந்து ஒரு பெருமூச்சு விடுவேன். "வந்துட்டா எங்க சம்பந்தி" என்று இடம் கொடுப்பார்கள்.

நடையிலும் ஏதோ ஆனது. லீவு நாட்களில் சிநேகிதியோடு அவள் அம்மாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போவேன். பாத்திகளுக்கு நடுவில் ஓடும் ஒடுக்கமான வரப்பில் நான் முன்பெல்லாம் ஓடியே போவேன். அந்தக் கோடையில் நடக்கக்கூட வரவில்லை. கால் எங்கேயோ வைக்க, உடம்பு எங்கேயோ சாய, பாத்திக்குள் விழுந்தேன். எழுந்து நாலடி வைத்து மறுபடி விழுந்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்கள். "ஏம்பா, பாய் வீட்டுப் பாப்பா காலையிலேயே ஊத்திக்கிச்சு போலருக்குது" என்று ஒருவர் சொன்னார். சிராய்த்த முட்டியில் உப்புத்தண்ணீர் பட்டு எரிந்த எரிச்சலை இன்றைக்கு நினைத்தாலும் காலை மடக்கிக்கொள்ளத் தோன்றுகிறது. பெரியம்மா மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தார்கள். "ஏண்டி கழுத்தச் சாய்ச்சுக்கிட்டே நிக்கிற?" என்று கேட்டார்கள். நான் நேராக நிற்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தேன். தண்ணீர் குடித்தால் புரையேறியது. அம்மா எல்லாவற்றையும் வயிற்றுக் கணக்கிலேயே சேர்த்தாள்.

அத்தா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசலில் பெரிய பெட்டி, கூடத்தில் பக்கத்து வீடெல்லாம். ஓடிப்போய் அவர் மடியில் விழுந்தேன். அவர் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு விக்கியது.

பெரியம்மா மெதுவாகக் கேட்டார்கள்: "பாய் இங்க இருக்காரு. இப்ப யாரு நினைக்கிறது?"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அவ்வளவு நாளும் அந்த விக்கலுக்குப் பின்னால் அவள் ஒரு துபாயை வைத்திருந்தாள், அது அந்த நிமிஷத்தில் போய்விட்டது. "ஏங்க, பாண்டிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடலாங்க" என்றாள். அத்தா வாங்கி வந்திருந்த பிஸ்கெட் டின்னை எங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் திறக்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் நான்தான் திறந்தேன்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தவர் சின்ன வயசு லேடி டாக்டர். அவர் என் வயிற்றைத் தொடவே இல்லை. அம்மாவிடம் கேட்டார்.

"காலையில எழுந்ததும் வாந்தி எடுக்குறாளா?"

"ஆமாங்க."

"தண்ணி குடிச்சாப் புரையேறுதா? நடக்கும்போது தடுமாறுறாளா?"

அம்மா அத்தாவைப் பார்த்தாள். "இவங்களுக்கு யாரு சொன்னது?" என்று அவரிடமே கேட்டாள்.

டாக்டர் என்னைத் தரையில் இருந்த கோட்டின் மேல் ஒரு காலுக்கு முன்னால் இன்னொரு காலை ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நான் நடந்தேன். கோடு ஒரு பக்கம் போனது, நான் மருந்து வண்டியில் போய் மோதினேன். அத்தாவுக்கு வெட்கமாகிவிட்டது. "நேரா நடம்மா, நல்லா நடப்பியே" என்றார், பரீட்சை ஹாலில் என்னை உட்காரவைத்த மாதிரி. பிறகு டாக்டர் மூக்கோடு மூக்கு உரசுகிற நெருக்கத்தில் குனிந்து, ஒரு சின்ன விளக்கால் என் கண்ணுக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் தலையில் வைத்திருந்த மல்லிகை வாசனை எனக்குப் பிடித்திருந்ததால் நான் கண்ணைச் சிமிட்டவில்லை.

அன்றைக்கே அங்கே சேர்த்துக்கொண்டார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் தூங்கிப்போனேன். டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவர் ஏதோ ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து அம்மாவும் எழுந்து நின்றுகொண்டாளாம்.

"கவனிச்சீங்களாம்மா? கொஞ்ச நேரம் ஒழுங்கா மூச்சு விடுறா. அப்புறம் நிறுத்திடுறா. அப்புறம் ஒரு பெரிய மூச்சு இழுத்துட்டுத் திரும்ப ஆரம்பிக்கிறா."

"எங்க வீட்டுல எல்லாருமே பெருமூச்சு விடுவோம் டாக்டர்" என்றாள் அம்மா.

டாக்டர் சிரித்தார். ஆனால் அத்தாவை உட்காரவைத்து, அவருடைய பிடரியிலேயே கை வைத்துக் காட்டினார். "இங்க உள்ளே, மூளையோட அடியில ஒரு தண்டு மாதிரி இருக்குது. மூச்சு விடுறது, முழுங்குறது, விக்கல் எல்லாத்துக்கும் உத்தரவு போகுறது இந்த இடத்துலேருந்துதான். அது மேல ஏதோ அழுத்துதுன்னு நினைக்கிறேன்."

"நுரையீரல்ல ஒண்ணும் இல்லையா?"

"நுரையீரல் அருமையா இருக்குது பாய். அதுக்குச் சொல்ற இடத்துலதான் தொந்தரவு."

"கட்டியா?" என்று அத்தா கேட்டார்.

"இருக்கலாம். மெட்ராஸ்ல ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். இன்னிக்கே போயிடுங்க."

ஆம்புலன்ஸில் போனோம். அம்மாவும் அத்தாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கோ வாழ்க்கையில் அதைப் போல ஒரு சவாரி கிடைத்ததில்லை. திண்டிவனத்தில் பஸ், லாரி, மாட்டு வண்டி எல்லாம் எங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டன. "நமக்காகவா அத்தா?" என்று கேட்டேன். "உனக்காகத்தாம்மா" என்றார். நான் ஜன்னல் வழியாக எல்லோருக்கும் கையாட்டினேன்.

மெட்ராஸில் ஸ்கேன் அறை ஏசி போட்டுச் சில்லென்று இருந்தது. பெரிய வளையத்துக்குள் தலையை விட்டுப் படுக்கவைத்தார்கள். மெஷின்காரர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "பாப்பா, ஆடாம இரும்மா" என்றார். விக்கினேன். "ஆடாதன்னு சொன்னேன்ல." மறுபடி விக்கினேன். "நான் ஆடலைங்க, விக்கல்தான் ஆட்டுது" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. படம் எல்லாம் கலங்கிப்போனதால், என்னைத் தூங்கவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் தூக்கத்தில் மூச்சை நிறுத்துகிற பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுப்பது சாதாரணமில்லை. அதனால் மயக்க மருந்து டாக்டர் ஒருவர் வந்தார். நரைத்த தலை, தொளதொளத்த பச்சைச் சட்டை. மெஷின் ஓடி முடியும் வரை என் பக்கத்தை விட்டு நகராமல் நின்றாராம்.

பின்மூளையில் பெரிய நீர்ப்பை ஒன்றும், அதன் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டியும் இருந்தன. ஆபரேஷன் செய்கிற பெரிய டாக்டர் அதிகம் பேசமாட்டார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எடுத்துடலாம்" என்றார். அத்தா என்னென்னவோ கேட்டார். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை. அம்மா காதில் விழுந்தது அவர் சொன்ன அந்த முதல் சொல் மட்டும்தான். போவோர் வருவோரிடமெல்லாம், "எடுத்துடலாம்னுட்டாங்க" என்றாள்.

மொட்டை அடித்தார்கள். அம்மா என் தலையைத் தடவி, "அடுத்தது சுருட்டையா வரட்டும்" என்றாள். அத்தா தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அது காது வரை இறங்கியது. நரைத்த தலை டாக்டர் அப்போதுதான் பார்க்க வந்தார்.

"என்னம்மா ஹஜ்ரத், நாளைக்கு நம்ம ரெண்டு பேருக்கும் வேலை இருக்குது. தெரியுமா?"

"உங்களுக்கு என்ன வேலை?"

"நீ தூங்கி எழுந்திரிக்கிற வரைக்கும் உனக்காக மூச்சு விட்டுக்கிட்டு இருக்குறதுதான் என் வேலை."

நான் யோசித்தேன். "நீங்களும் தூங்கிட்டா?"

"தூங்காம இருக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று நடந்தது எல்லாம் அம்மா சொல்லிக் கேட்டதுதான். அவளும் அத்தாவும் ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. அப்போது கேட் பக்கமிருந்து, கையில் ஒரு துணி மூட்டையோடு பெரியம்மா வந்தார்கள். மரக்காணத்திலிருந்து உப்பு ஏற்றிக்கொண்டு மெட்ராஸுக்கு வந்த லாரியில், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தே வந்துவிட்டார்கள். அதற்கு முன் அவர்கள் மெட்ராஸையே பார்த்ததில்லை. மூட்டையில் வேகவைத்த வேர்க்கடலை. "என்னால வேற என்ன பண்ண முடியும்? உரிச்சுக்கிட்டாவது இருங்க" என்றார்களாம். மூன்று பேரும் உரித்தார்கள். யாரும் தின்னவில்லை. மடி நிறைய உரித்த கடலை சேர்ந்திருந்தபோது பெரிய டாக்டர் படியிறங்கி வந்தார். "எடுத்தாச்சு. முழுசா வந்துடுச்சு" என்றார். அம்மா இரண்டு கை நிறையக் கடலையை அள்ளி அவரிடம் நீட்டினாள். அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு நினைவு வந்தபோது தொண்டையில் ஒரு குழாய் இருந்தது, மெஷின் ஒன்று எனக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அம்மாவின் முகம் என் முகத்துக்கு மேலே தொங்கியது. அவள் ஏதோ எதிர்பார்த்துக்கொண்டு இருந்தாள். கொஞ்சம் கழித்து, "வரலைங்க" என்றாள். அத்தாவும் குனிந்தார். இரண்டு பேருமாகப் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி என் விக்கலுக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே சிரித்தாள். அத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

குழாயை எடுத்த அன்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனி நானேதான் மூச்சு விட வேண்டும் என்று புரிந்துவிட்டதால், ஒவ்வொரு மூச்சையும் நினைத்து நினைத்து விட்டேன். இழு, விடு. இழு, விடு. கண் சொருகியது, ஆனால் தூங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். நரைத்த தலை டாக்டரைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"என்னவாம் ஹஜ்ரத்துக்கு?"

எனக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. காற்றாகத்தான் வந்தது. "நான் தூங்கிட்டா யாரு மூச்சு விடுறது?"

அவர் உட்கார்ந்தார். "பொறந்ததுலேருந்து யாரு விட்டா? கேட்டு வச்சியா?"

"இல்ல."

"அதே ஆளுதான் இப்பவும் உள்ள இருக்குது. மேல ஒரு பாரம் உட்கார்ந்திருந்துச்சு, அதனால தப்புத் தப்பா வேலை செஞ்சுது. பாரத்தத்தான் எடுத்துட்டோமே. அதுக்குத் தெரியும், நீ தூங்கு."

அவர் சொன்ன விதத்தில் எனக்கு அந்த ஆள் மேல் நம்பிக்கை வந்தது. தூங்கினேன்.

வார்டில் இருந்த நாட்களை நான் சந்தோஷமான நாட்கள் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஆனால் அப்படித்தான் இருந்தது. நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க, தண்ணீர் நிரப்பிய குளுக்கோஸ் பாட்டிலில் ரப்பர் குழாயை விட்டு ஊதச் சொன்னார்கள். எங்கள் வார்டில் எல்லாப் பிள்ளைக்கும் மொட்டை, எல்லாப் பிள்ளை கையிலும் ஒரு பாட்டில். யார் நீளமாகக் குமிழி விடுகிறார்கள் என்று போட்டி. நர்ஸ் தண்ணீரில் சிவப்பு மருந்து ஒரு சொட்டு விட்டுக் கலக்கிக் கொடுப்பார். நான் கட்டிலை நனைப்பதில் கெட்டிக்காரி.

என் அடுத்த கட்டிலில் தெற்கத்திப் பக்கத்துச் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் தூங்கும்போதுகூட, இப்போதுதான் ஓடி வந்தவள் போல வேக வேகமாக மூச்சு விடுவாள். முழித்திருந்தாலும் அப்படியே. பேச்சை இரண்டு இரண்டு சொல்லாக உடைத்துப் பேசுவாள். கட்டி அவளுக்கு அந்தத் தண்டுக்கு உள்ளேயே இருந்தது, கத்தி வைக்க முடியாத இடம் என்று அம்மாக்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். போட்டியில் அவளால் நீளமாக ஊத முடியாது. அதனால் குட்டிக் குட்டியாக, வெகு வேகமாகக் குமிழி விடுவதற்குத் தனிப் போட்டி வைக்கச் சொன்னாள். அதில் அவளை ஒருத்தராலும் ஜெயிக்க முடியவில்லை. கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைத்துக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஊருக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது என் தொப்பியைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். அப்புறம் அவளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எட்டு வயதில், அவளும் ஊருக்குப் போய்ச் சேர்ந்து நன்றாக இருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவளான பிறகு ஒரு நாள், பஸ்ஸில் போகும்போது, சட்டென்று புரிந்தது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஊருக்கு வந்தபோது எங்கள் தெருவே வாசலில் நின்றது. என்னை உட்காரவைத்துவிட்டு எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். விக்குகிறதா என்று கேட்கத்தான் என்று எனக்குத் தெரியும். நானும் கொஞ்ச நேரம் கம்மென்று இருந்துவிட்டு, வேண்டுமென்றே ஒரு பொய் விக்கல் விட்டேன். அத்தனை பேரும் பதறி எழுந்தார்கள். அம்மா முதுகில் ஒன்று போட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு நான் வாங்கிய முதல் அடி அது. பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடிச்சிட்டா இல்ல, புள்ள நல்லாயிட்டா" என்றார்கள்.

எல்லாம் பழையபடி ஆகவில்லை. இடது கை இன்றும் கொஞ்சம் நடுங்கும். டீ டம்ளரை நான் வலது கையால்தான் தூக்குவேன். குரல் கரகரப்பாகவே நின்றுவிட்டது, டெலிபோனில் பேசினால் 'சார்' என்பார்கள். ஒரு வருஷத்துக்குச் சைக்கிள் ஓட்டக் கூடாது என்றார்கள், அப்புறம் ஓட்டினேன். ஸ்கேன் எடுக்கப் போய்க்கொண்டே இருந்தோம். ஒரு தடவை, "இனிமே வர வேண்டாம்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அத்தா துபாய்க்குத் திரும்பிப் போகவில்லை. மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடை போட்டார். அவர் சுடும் பன்னுக்காக டிரைவர்கள் பஸ்ஸைக் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்துவார்கள்.

ஊர் திரும்பிய அந்த மழைக்காலத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒருநாள் காலையில் நான் தும்மினேன். அடுத்தடுத்துத் தும்மினேன். மூக்கு அடைத்துக்கொண்டது, மூச்சு விடும்போது 'கர்கர்' என்று சத்தம் வந்தது. அத்தா மாவுக் கையோடு ஓடி வந்தார். அம்மா பாயைக்கூடச் சுருட்டாமல் என்னைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொட்டுகிற மழையில் பாண்டி பஸ் பிடித்தோம். வழியெல்லாம் அம்மா என் மூக்குக்கு முன்னால் விரலை வைத்தபடியே வந்தாள்.

அதே லேடி டாக்டர்தான் இருந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கும் முகம் மாறியது. கண்ணுக்குள் விளக்கு அடித்தார். நடக்கச் சொன்னார். நடந்தேன், கொஞ்சம் தடுமாறினாலும் மருந்து வண்டி பக்கம் போகவில்லை. தொண்டையைப் பார்த்தார். மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஜலதோஷம்" என்றார்.

"அப்படின்னா டாக்டர்?" என்று அத்தா கேட்டார், அந்த வார்த்தையையே கேள்விப்படாதவர் போல.

"ஜலதோஷம் பாய். சளி. எல்லாப் புள்ளைங்களுக்கும் வருமே, அதுதான். ஆவி பிடிங்க, சரியாப் போயிடும்."

"எல்லாப் புள்ளைங்களுக்கும் வர்றதா?" என்று அம்மா கேட்டாள்.

"எல்லாப் புள்ளைங்களுக்கும்."

ஆஸ்பத்திரிக்கு வெளியே அம்மா நேராக ஒரு மிட்டாய்க் கடைக்குள் நுழைந்து ஒரு பெட்டி லட்டு வாங்கினாள். திரும்பி வருகிற பஸ்ஸில், பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்துவிட்டாள். கண்டக்டர் டிக்கெட்டை வாயில் கவ்விக்கொண்டு லட்டு வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

"என்னம்மா விசேஷம்?"

"எம் பொண்ணுக்கு ஜலதோஷம் பிடிச்சிருக்குதுங்க" என்றாள் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஒன்றும் புரியாமல், "நல்லா இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு லட்டைக் கடித்தார். நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தும்மல் போட்டேன்.